ஏற்றுமதித் தடையில் சிக்கிய என் வெங்காயக் கண்டெய்னர்: இழந்ததும், இனி இறங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதும்

சின்ன வெங்காயம் ஏற்றுமதி செய்யலாம் என்று இறங்குகிறவர்களுக்கு ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவர்களுக்கு அரசு தரும் ஐஇசி எண் எப்படி வாங்குவது, வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவில் எப்படிப் பதிவு செய்வது, வெளிநாட்டில் ஆள் எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் அரசாங்கம் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது என் கண்டெய்னர் ஒன்று நடுவழியில் மாட்டிக்கொண்டது. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது பதினைந்து லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய போயிருந்தது. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த லாபம் அத்தனையும் அதில் அடக்கம். அந்த நாட்களில் யாராவது இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் பக்கம். எங்கள் பகுதியில் சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. ஏக்கருக்கு அறுநூறு கிலோ போல விதை வெங்காயம் வாங்கி ஊன்ற வேண்டும். விதைக்கே பெரும் பணம் போய்விடும். அறுபத்தைந்து, எழுபது நாளில் அறுவடை. அறுத்ததும் விலை இல்லையென்றால் காட்டிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். தரையில் ஈரம் ஏறாமல் கல்லோ கட்டையோ அடுக்கி, பக்கவாட்டில் காற்று போக இடைவெளி விட்டுத் தட்டி கட்டி, மேலே ஓலை வேய்ந்திருக்கும். அப்படி வைத்தால் சில மாதம் தாங்கும். ஆனால் உள்ளே ஒரு காய் அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும். பட்டறைக்குப் பக்கத்தில் போய் நின்றாலே பழகியவர்களுக்கு வாசனையில் தெரிந்துவிடும். அப்பா காலத்தில் நாங்கள் மண்டிக்கு மட்டும்தான் போட்டோம். 2020-இல் போட்ட தடையை 2021 ஜனவரி 1 முதல் நீக்கிய பிறகு நான் ஏற்றுமதியில் இறங்கினேன். மலேசியாவில் கிள்ளான் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வாடிக்கையானார். அங்கே இருக்கிற நம் ஆட்களுக்குச் சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் இந்த வெங்காயம்தான் வேண்டும். சரக்கு சுத்தமாக இருந்தால் அவர் பணம் தவறியதே இல்லை.

2023 கோடையில் விலை ஏறத் தொடங்கியது. அந்த ஜூலையில் கடைகளில் சின்ன வெங்காயம் கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் 19 அன்று வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி வந்தது. பெரிய வெங்காயத்தின் விலையைப் பார்த்துப் போட்ட வரி, சின்ன வெங்காயத்தின் மேலும் விழுந்தது. சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு கொடுங்கள் என்று எங்கள் பக்கத்து விவசாயிகளும் பல்லடம் பக்கத்து விவசாயிகளும் நெடுநாளாகக் கேட்பது இதற்காகத்தான். மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் விளையும் பெரிய வெங்காயம் வேறு பொருள், எங்கள் காட்டில் விளைவது வேறு பொருள். அங்கே விலை ஏறினால் இங்கே கதவு அடைபடுகிறது. அடுத்து அக்டோபர் 29 முதல் டன்னுக்கு 800 டாலருக்குக் குறைந்து ஏற்றுமதி செய்யக்கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். அது அன்றைய கணக்கில் கிலோ அறுபத்தேழு ரூபாய் போல வரும். நான் அனுப்பிய சரக்கின் விலை அதற்கு மேலேயே இருந்ததால் என் வியாபாரம் நிற்கவில்லை. ஆனால் இந்த வரிசையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரி, அப்புறம் குறைந்தபட்ச விலை, அப்புறம் தடை. முதல் படி விழுந்த உடனே மூன்றாவது படிக்குத் தயாராக வேண்டும் என்பது இன்றைக்கு எனக்கு மனப்பாடம்.

டிசம்பர் முதல் வாரத்தில் அனுப்ப வேண்டிய சரக்கு அது. இருபத்தெட்டு டன், சராசரியாகக் கிலோ எழுபத்திரண்டு ரூபாய்க்கு வாங்கியது. எங்கள் ஷெட்டில் பெண்கள் உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்து, பொடி வேறு, பெரிது வேறாகத் தரம் பிரித்து, சிவப்பு வலைப்பையில் கட்டி முடிக்கவே பல நாள் ஆனது. சென்னைத் துறைமுகம் வழியாகப் போவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. கப்பல் தேதிகள் எல்லாம் தள்ளிப்போயின. சரி, தூத்துக்குடி வழியாக அனுப்பிவிடலாம் என்று மாற்றினேன். டிசம்பர் 7, வியாழக்கிழமை ராத்திரி வண்டியை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில், துறைமுகத்தில் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் போன் செய்தார். "சார், வண்டி கேட்டுக்குள்ள போயிடுச்சா?" என்று கேட்டார். எட்டயபுரம் தாண்டியிருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப கஷ்டம் சார். நேத்து ராத்திரி ஆர்டர் வந்திருக்கு. வெங்காயம் மொத்தமா தடை. மார்ச் 31 வரைக்கும்."

தடை உத்தரவில் சில விலக்குகள் இருந்தன. அறிவிக்கைக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கு, ஷிப்பிங் பில் (சுங்கத்தில் போடும் ஏற்றுமதி ஆவணம்) போட்டுக் கப்பலும் துறைமுகத்துக்கு வந்துவிட்ட சரக்கு, சுங்கத்திடம் ஒப்படைத்து அவர்கள் கணினியில் பதிவாகிவிட்ட சரக்கு, இவை மட்டும் போகலாம். என்னுடையது இந்த மூன்றிலும் இல்லை. வாங்கியாயிற்று, பணம் கொடுத்தாயிற்று, கட்டியாயிற்று, குளிர்பதனக் கண்டெய்னரில் ஏற்றிச் சீல் வைத்தாயிற்று. இதெல்லாம் சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே இல்லை. இங்கே புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஷெட்டில் சரக்கு ஏற்றிய தேதிக்கோ, வாங்குகிறவரோடு ஒப்பந்தம் போட்ட தேதிக்கோ மதிப்பு இல்லை. சுங்கக் கணினியில் சரக்கு எப்போது பதிவானது என்பதுதான் எல்லாம். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் சரக்கைக் கப்பல் தேதிக்குச் சில நாள் முன்பே துறைமுகத்துக்குள் சேர்த்துவிடுங்கள். யார்டு (கண்டெய்னர் நிறுத்தும் இடம்) வாடகையும் மின்சாரக் கட்டணமும் கூடுதலாக ஆகும். ஆகட்டும். நான் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அது காப்பீட்டு பிரீமியம் மாதிரிதான்.

வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் பொதுவான விதி ஒன்று உண்டு. தடை வருவதற்கு முன்பே திரும்பப் பெற முடியாத எல்சி (வாங்குகிறவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறந்திருந்தால், அதை உரிய நாளுக்குள் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டி அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு அனுப்பலாம் என்று அது சொல்கிறது. சிலர் இதை நம்பி இருப்பார்கள். ஆனால் பல தடை உத்தரவுகளில் இந்தச் சலுகை பொருந்தாது என்று அந்த உத்தரவிலேயே எழுதிவிடுகிறார்கள். உத்தரவைக் கடைசி வரி வரைக்கும் நீங்களே படியுங்கள். எனக்கோ எல்சியே கிடையாது. பாய்க்கும் எனக்கும் முப்பது சதவீத முன்பணம், மீதி சரக்கு சேர்ந்ததும் என்ற ஏற்பாடு. நம்பிக்கையில் ஓடிய வியாபாரம்.

அடுத்து வந்த நாட்கள்தான் மிக மோசமானவை. கண்டெய்னரைத் தூத்துக்குடியில் ஒரு தனியார் யார்டில் இறக்கி மின் இணைப்பு கொடுத்து வைத்தோம். சின்ன வெங்காயத்துக்கு மட்டும் விலக்கு வரப்போகிறது என்று ஒரு பேச்சு அடிபட்டது. 2020 தடையின்போது பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கும் கிருஷ்ணபுரம் வெங்காயத்துக்கும் தலா பத்தாயிரம் டன் என்று இடையில் அனுமதி கொடுத்த முன்னுதாரணம் இருந்ததால், அந்தப் பேச்சை நம்பக் காரணமும் இருந்தது. யாரைக் கேட்டாலும் 'ரெண்டு நாள் பாருங்க சார்' என்றார்கள். எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று முதலில் முழுசாகச் சொல்லவில்லை. வங்கிக்குப் போனால் அவர்கள் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். சக ஏற்றுமதியாளர்களுக்குப் போன் செய்தால் ஆளாளுக்குத் தங்கள் கண்டெய்னரைப் பற்றிய கவலை. நான் சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. உழவரிடம் நல்ல விலைக்கு வாங்கி, வேண்டும் என்று கேட்டவருக்கு அனுப்பினேன். முந்தின நாள் வரைக்கும் 'ஏற்றுமதி செய்யுங்கள், அந்நியச் செலாவணி ஈட்டுங்கள்' என்று மேடை போட்டுப் பேசிய அதே அரசாங்கம், மறுநாள் அதே வேலையைத் தடை செய்யப்பட்ட காரியம் ஆக்கிவிட்டது. அந்த அவமானத்தையும் கோபத்தையும் இன்றைக்கு எழுதும்போதும் உணர முடிகிறது.

பாய்க்குப் போன் செய்து சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, உன் மேல தப்பு இல்ல. ஆனா என் கடைக்கு வர்ற சனத்துக்கு வெங்காயம் வேணும். உங்க ஊர்ல கதவ எப்ப திறப்பாங்கன்னு நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது. தாய்லாந்து சரக்கு எடுத்துக்கிறேன்" என்றார். முன்பணத்தை அவசரம் இல்லை, மெல்ல அனுப்பு என்றும் சொன்னார். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அப்போதைய விதிப்படி, ஏற்றுமதிக்கென்று வந்த முன்பணத்துக்கு ஒரு வருடத்துக்குள் சரக்கு போயிருக்க வேண்டும் (2025-இல்தான் அந்தக் கெடுவை நீட்டினார்கள்), இல்லையென்றால் வங்கிக் கணினியில் அது தீராத கணக்காக நின்றுகொண்டே இருக்கும். திருப்பி அனுப்பவும் காரணம் காட்டிக் காகிதம் கொடுக்க வேண்டும். தடை உத்தரவின் நகல், ரத்தான ஷிப்பிங் ஆவணம், வாங்குகிறவரின் கடிதம் மூன்றையும் அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

டிசம்பர் 17 அன்று தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஊர் தண்ணீரில் துண்டிக்கப்பட்டு நின்றது. யார்டில் மின்சாரம் போய்விட்டது. மழை யார் குற்றமும் இல்லை. ஆனால் என் சரக்கு அந்த இடத்தில் அந்த நாளில் நின்றதற்கு மழை காரணம் இல்லை. தடை மட்டும் வராதிருந்தால் அது அந்நேரம் கடல் தாண்டியிருக்கும். சாலை திறந்து, ஆள் போய்க் கதவைத் திறந்தபோது முதலில் வந்தது சூடான காற்று. மூடி வைத்த வெங்காயத்துக்கு உள்ளுக்குள்ளேயே சூடு ஏறும். வலைப்பைக் கண்களின் வழியாகப் பச்சை முளை நீட்டிக்கொண்டு நின்றது. அடி வரிசை மூட்டைகளைத் தூக்கியபோது கரும்பூஞ்சை கையெல்லாம் மை போல ஒட்டியது. இரண்டு காயை எடுத்து அழுத்திப் பார்த்தேன். மேல்தோல் நன்றாக இருந்தது, உள்ளே கொழகொழவென்று இருந்தது. அங்கேயே பிரித்துக் கழித்ததில் இருபது டன் போலத் தேறியது. அதை மதுரை, திருச்சி மண்டிகளில் போட்டேன். அதற்குள் எல்லோருடைய ஏற்றுமதிச் சரக்கும் உள்ளூருக்குத் திரும்பியிருந்ததால் விலை சரிந்துவிட்டது. என் முளைவிட்ட சரக்குக்குக் கிலோ முப்பத்தைந்து ரூபாய் கிடைத்ததே பெரிது. ஏழு லட்சம் வந்தது. வாங்கியது இருபது லட்சத்துக்கு மேல். யார்டு வாடகை, மின்சாரம், கண்டெய்னர் தாமதக் கட்டணம், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, வங்கி வட்டி எல்லாம் தனி.

இந்த இடத்தில் அனுபவத்தால் சொல்கிறேன். தடை வந்த பிறகு விலக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். தடை வந்த அன்றைக்கே உள்ளூர்ச் சந்தைக்குத் திருப்புங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் விலை அவ்வளவாக விழுந்திருக்காது. கோயம்புத்தூர், பெங்களூரு, பாலக்காடு என்று நீங்கள் போன் செய்தால் எடுக்கிற மண்டிக்காரர்கள் நாலு பேராவது வேண்டும். அவர்களை நல்ல நாளிலேயே சம்பாதித்து வையுங்கள். வருடத்துக்குச் சில லோடு லாபம் குறைவாக இருந்தாலும் அவர்களுக்குப் போடுங்கள்.

வங்கி விஷயம் இன்னும் முக்கியம். ஏற்றுமதிக்கு முன் வங்கி கொடுக்கும் பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி குறைவு என்று நாம் வாங்குகிறோம். சரக்கு ஏற்றுமதி ஆகவில்லை என்றால் அந்தச் சலுகை வட்டி போய்விடும். கடன் வாங்கிய நாளிலிருந்தே சாதாரண வட்டி போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். ஏற்றுமதியை நிறுத்தியது நீங்களா அரசா என்று அந்தக் கணக்கு பார்க்காது. ஆகவே சரக்கு மதிப்பு முழுவதையும் கடனில் போடாதீர்கள். வாங்குகிறவரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: அரசுத் தடையோ புதிய வரியோ வந்தால் விற்பவர் பொறுப்பல்ல, புதிய வரியை இன்னார் ஏற்பார் என்று. உலக தானிய வியாபாரத்தில், வியாபாரிகளின் சர்வதேச சங்கமான காஃப்டாவின் ஒப்பந்தங்களில் இதற்கென்றே தடைப் பிரிவு ஒன்று உண்டு. நம் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் விலை பேசி முடித்துவிடுகிறோம். கப்பல் கட்டணத்தை வாங்குகிறவர் கட்டும் எஃப்ஓபி முறையில் பேசினால், சரக்கு நின்றாலும் கப்பல் பணமாவது உங்கள் தலையில் விழாது.

விவசாயிகளுக்கு நான் ஒருவருக்கும் பாக்கி வைக்கவில்லை. ஒரு பெரியவர், "ஏன் தம்பி, பொங்கல் கழிச்சு மெதுவாக் குடேன், எங்க ஓடிப்போறேன்" என்று சொன்னார். அவருக்கும் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் நிலைமை என்னைவிட மோசம். கார்த்திகையில் ஊன்றிய வெங்காயம் அவருக்குக் காட்டில் நின்றது. விலை ஏறிக் கிடந்தபோது அதிக விலைக்கு விதை வாங்கி ஊன்றியது அது. தை மாதம் அறுக்கும்போது ஏற்றுமதி இல்லை, விலை இல்லை. மாசியில் எங்கள் பகுதியில் விற்ற விலைக்கு அறுவடைக் கூலியும் தாள் அரியும் கூலியும் கட்டவில்லை என்று சிலர் உழுதுவிட்டார்கள். எனக்காவது ஒரு கண்டெய்னர். அவர்களுக்கு ஒரு பட்டமே, அதாவது ஒரு சாகுபடிப் பருவமே போயிற்று. அடுத்த பட்டத்தில் பாதிப்பேர் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் போனார்கள். அப்போது வெங்காயம் குறையும், விலை ஏறும், மறுபடியும் யாராவது டெல்லியில் தடை உத்தரவில் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் பகுதியில் இந்தச் சுற்று நின்றதே இல்லை.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. இந்த அடி விழுந்த பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன், படித்தேன். எனக்குப் புரிந்தது இதுதான். சின்ன வெங்காயம் எழுபது நாள் பயிர். விலை ஏறினால் பல்லடத்துக்காரரும், திண்டுக்கல்காரரும், தென்காசிக்காரரும் அதைப் பார்த்து உடனே ஊன்றுவார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போட வேண்டியதில்லை. விலையே சொல்லிவிடும். எழுபது நாளில் சரக்கு சந்தைக்கு வந்து விலை தானாக இறங்கும். மார்ச் 31 வரைக்கும் என்று போட்ட தடை நீண்டு, 2023 டிசம்பர் 8 முதல் 2024 மே 4 வரைக்கும் இருந்தது. ஏறத்தாழ ஐந்து மாதம். இரண்டு பயிர் எடுத்திருக்கக்கூடிய காலம். தானாகத் தீர்ந்திருக்கும் ஒரு பற்றாக்குறைக்கு மருந்து கொடுக்கிறேன் என்று, அதைத் தீர்த்து வைக்கிறவனின் கையைத்தான் கட்டினார்கள். மே 4 அன்று திறந்தபோதும் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் கூடவே வந்தன. செப்டம்பரில் அந்தக் குறைந்தபட்ச விலையை எடுத்துவிட்டு வரியை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். வரி முழுதாக நீங்கியது 2025 ஏப்ரல் 1 அன்று.

தடைக் காலத்திலேயே அரசு தன் விருப்பப்படி கதவைச் சிலருக்குத் திறந்தது. 2024 ஏப்ரல் கடைசியில், வங்கதேசம், ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை உட்பட ஆறு நாடுகளுக்கு 99,150 டன் வெங்காயம் அனுப்ப அனுமதித்திருப்பதாக அறிவித்தார்கள். அதை அனுப்பும் பொறுப்பு தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்திடம் இருந்தது. அதே வாரம் குஜராத்தின் வெள்ளை வெங்காயத்துக்கு மட்டும் 2,000 டன் தனி அனுமதி. நாட்டில் வெங்காயம் இல்லை என்பதுதான் தடைக்குக் காரணம் என்றால், அந்த லட்சம் டன் எங்கிருந்து வந்தது? தடை என்று ஒன்று வந்துவிட்டால், யாருக்கு அனுமதி, எந்தத் துறைமுகம், எத்தனை டன் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரு மேசைக்குப் போய்விடுகிறது. அந்த மேசையை எட்ட முடிந்தவர் பிழைப்பார். செட்டிகுளத்தில் இருக்கிறவரால் எட்ட முடியாது. இதைத்தான் ராஜாஜி அன்றைக்கே லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று சொன்னார். அவர் வெறுமனே பேசியவரும் இல்லை. 1952 ஜூனில் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியங்கள் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டையே எடுத்தார். அரிசி விலை எங்கோ போய்விடும் என்று பயந்தவர்கள் அநேகம். பதுங்கிக் கிடந்த அரிசி கடைக்கு வந்தது. மகாராஷ்டிரத்தில் சரத் ஜோஷி, சுவிட்சர்லாந்தில் ஐ.நா. அமைப்பு வேலையை விட்டுவிட்டுப் புனே பக்கம் சாகன் அருகே நிலம் வாங்கி விவசாயம் செய்தவர். அவருடைய இயக்கம் வெங்காய விவசாயிகளின் போராட்டத்தில்தான் வேர் பிடித்தது. எங்கள் விளைச்சலைத் தடை இல்லாமல் விற்கவிடு என்பதுதான் அவர்கள் கேட்டது.

2020-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றை அத்தியாவசியப் பொருள் கட்டுப்பாட்டிலிருந்து பெருமளவு விடுவிக்கும் சட்டத்திருத்தம் மக்களவையில் செப்டம்பர் 15 அன்று நிறைவேறியது. அதற்கு முந்தின நாள், செப்டம்பர் 14 அன்று, வெங்காய ஏற்றுமதித் தடை. அக்டோபரில் மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன் என்று இருப்புக் கட்டுப்பாடு. அடுத்த ஆண்டே அந்தத் திருத்தமும் வேளாண் சட்டங்களோடு திரும்பப் பெறப்பட்டது. வெளிநாட்டுக்காரர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். 2019 செப்டம்பரில் தடை போட்டபோது, அடுத்த வாரம் டெல்லிக்கு வந்த அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, இனிமேல் இப்படிச் செய்வதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். ஒரு நாட்டின் பிரதமருக்கே முன்னறிவிப்பு இல்லை. கிள்ளான் மளிகைக்கடைக்காரருக்கு எங்கே இருக்கும்? அவர் வேறு ஊர்ச் சரக்குக்குப் பழகிவிட்டால், தடையை எடுத்த மறுநாளே அந்தச் சந்தை திரும்பி வராது.

அப்படியானால் ஏழைக்கு வெங்காயம் வேண்டாமா என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், அதுவும் சொந்தக்காரர்களே. வேண்டும். கிலோ நூறு ரூபாய் என்றால் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் அது பெரிய சுமை. அரசாங்கம் உதவ நினைத்தால் அந்த வீட்டுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கட்டும். அல்லது சந்தை விலையில் வாங்கிச் சேர்த்து வைத்துக் குறைந்த விலைக்கு விற்கட்டும். 2023-லேயே ஐந்து லட்சம் டன் இருப்பு வைக்க முடிவு செய்து கிலோ 25 ரூபாய்க்கு விற்றார்களே. அந்தச் செலவை வரி கட்டும் எல்லோரும் சேர்ந்து ஏற்கிறோம். ஏற்றுமதித் தடையில் அந்தச் செலவு முழுவதும் வெங்காயம் விளைவித்தவர் மேலும், அன்றைக்கு அதைக் கையில் வைத்திருந்தவர் மேலும் விழுகிறது. வெங்காய விலையால் 1998-இல் டெல்லி மாநில ஆட்சியே போனது என்ற பயம் எல்லாக் கட்சிக்கும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கான விலையை ஒரு மாவட்டத்து விவசாயி மட்டும் கட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

இப்போது நான் மறுபடியும் அனுப்புகிறேன். பாய் பாதி அளவுக்குத்தான் எடுக்கிறார், மீதிக்குத் தாய்லாந்து. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரு நேரத்தில் ஒரு லோடுக்கு மேல் கையில் வைப்பதில்லை. 2019, 2020, 2023 மூன்று முறையும் கை வைத்தது இந்த மாதங்களில்தான். பெரிய வெங்காயத்தின் டெல்லிச் சில்லறை விலையைத் தினமும் பார்க்கிறேன், ஏனென்றால் எங்கள் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்தால் சரக்கைக் குறைத்துவிடுகிறேன். தூங்கப் போகும் முன் டிஜிஎஃப்டி தளத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது, உத்தரவுகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஏறுகின்றன. விவசாயிகளிடம் நான் சொல்வது, விலை உச்சியில் இருக்கும்போது விதை வாங்கி முழு நிலத்திலும் ஊன்றாதீர்கள், மூன்றில் ஒரு பங்கை இருபது நாள் தள்ளி ஊன்றுங்கள், பட்டறையில் சொந்த விதையை எப்போதும் கொஞ்சம் வையுங்கள் என்பதுதான். தடையில் மாட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் கண்டெய்னர் எண், ஷிப்பிங் பில் எண், கேட்டுக்குள் நுழைந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளியரிங் ஏஜென்டிடம் பேசுங்கள். விலக்கில் வருகிறதா இல்லையா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வரவில்லை என்றால் அன்று மாலைக்குள் மண்டிக்காரருக்குப் போன் செய்துவிடுங்கள்.